புகைக்கூண்டின் வாய்

நீளவாக்கில் அறுத்த சைக்கிள் டியூபைப் பல்லில் கடித்து இழுத்து, புகைக்கூண்டின் கழுத்தைச் சுற்றிக் கடைசிச் சுற்றைப் போட்டுக்கொண்டிருந்தார் மரிய அந்தோணி. தார்ப்பாயின் நான்கு முனைகளும் டியூபுக்குள் அடங்கிவிட்டன. தூறல் முதுகில் விழுந்துகொண்டே இருந்தது. காலடியில் பாசி வழுக்கியது.

கீழே வாசலில் நின்று ஸ்வீட்டி கூப்பிட்டாள்.

“யப்பா, எறங்கி வா. அம்மா கூப்புடுது.”

“இந்தா, ஒரு முடிச்சுதான்.”

“அந்த ஒரு முடிச்சத்தான் காலையிலேருந்து போட்டுக்கிட்டு இருக்க.”

கிணற்றுக்குள் ஆள் இறங்கும்போது கயிற்றுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டார். ஈரம் பட்டால் இன்னும் இறுகும். அவிழ்க்க நினைத்துப் போடுகிற முடிச்சு அல்ல அது.

வீடு சர்க்கார் பணத்தில் கட்டிய காங்கிரீட் வீடு. முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி, நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரோடு ஒட்டித்தான் கூண்டு எழும்பி, தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலே போகிறது. அதன் தலையில் நான்கு செங்கல் நிறுத்தி ஒரு பலகைக்கல் மூடியாக இருந்தது. கஜா புயல் அந்தக் கல்லைத் தூக்கிப் பக்கத்து வீட்டு மருதாயியின் ஆட்டுக்கொட்டகையில் போட்டது. ஆடு எதுவும் சாகவில்லை என்பதால் இரண்டு வீட்டிலும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். மூடி இல்லாத கூண்டுக்குள் அதன் பிறகு எத்தனையோ ஐப்பசி மழை பெய்தது. ஒரு சொட்டுக்கூட அடுப்பில் விழுந்ததாக யாரும் சொன்னதில்லை.

இந்த வருசம்தான் ஒழுகத் தொடங்கியது. பெரியநாயகம் படுத்த பிறகு.

அதுவரை அவள் விடிவதற்கு முன்னால் எழுந்து, பெரிய அண்டாவில் கடலையை அவித்து, கூடையில் கட்டி விராலிமலை பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவாள். மதியம் திரும்பி வந்து மறுபடி ஓர் அடுப்பு. சோளக்கருது வரும் காலத்தில் சோளக்கருது, தை மாசம் பனங்கிழங்கு. வயிற்றுக்குள் கட்டி என்று திருச்சியில் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். பிறகு வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், பிடித்ததைச் சாப்பிடக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பிடித்தது எதுவும் அவளுக்குள் இறங்கவில்லை. பொன்னமராவதியில் கட்டிக்கொடுத்த மகள் ஸ்வீட்டி வந்து தங்கி, கேஸ் அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அந்தோணிக்கு வேலை ஒன்றும் இருக்கவில்லை. வராந்தாவில் நின்றார். சீட்டை நீட்டச் சொன்னபோது நீட்டினார். ஆயுசெல்லாம் கிணறு வெட்டிய ஆள். கை சும்மா இருந்தால் என்ன செய்வதென்று தெரியாது. நோயை என்ன செய்வதென்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. கூண்டை என்ன செய்வதென்று தெரிந்த மாதிரி இருந்தது. கூண்டின் அடியில் சிமெண்டுப் பால் ஊற்றினார். தார் காய்ச்சி ஊற்றினார். விரிசல் அடைபட்டது, தண்ணீர் வாய் வழியாக வந்தது. தகரம் வைத்தார், காற்று தூக்கிப் போட்டது. கொத்தனார் மழை விடட்டும் வாறேன் என்றார். மழை விடவில்லை.

இன்றைக்குத் தார்ப்பாய்.

இறங்கி வந்தவர் முதலில் அடுப்படிக்குத்தான் போனார். குனிந்து கூண்டுக்குள் அண்ணாந்து பார்த்தார். கும்மிருட்டு. அடுப்புக்குள் நேற்றைய ஈரச் சாம்பல் மட்டும் கிடந்தது, புதுத் தண்ணீர் இல்லை. பல நாளைக்குப் பிறகு ஒரு காரியம் கைகூடியிருந்தது.

பெரியநாயகத்தின் கட்டில் கூண்டுச் சுவரை ஒட்டிக் கிடந்தது. அங்கேதான் போடச் சொல்லியிருந்தாள். ஆள் பாதியாகிப் போயிருந்தாள். கன்னத்து எலும்பும் கண்ணும்தான் பழைய அளவில் இருந்தன.

“நின்னுருச்சு நாயகம்,” என்றார். “ஒரு சொட்டு இல்ல.”

அவள் கண்ணைத் திறந்தாள். “தலப்பா கட்டி விட்டீங்களாக்கும்.”

“தலப்பா என்ன. வாயவே கட்டிட்டேன்.”

“இத்தன வருசமா என் வாயக் கட்ட முடியல. அதோட வாயையாச்சும் கட்டுனீங்களே.”

ஸ்வீட்டி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்தோணி கட்டில் காலடியில் உட்கார்ந்து மனைவியின் பாதத்தைப் பிடித்தார். ஐஸ் மாதிரி இருந்தது.

“முதுகு குளுருதுங்க,” என்றாள் பெரியநாயகம்.

ஸ்வீட்டி இன்னொரு போர்வையை எடுத்து வந்தாள். பெரியநாயகம் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு, “அடுப்பப் பத்த வைங்க,” என்றாள்.

“சுடுதண்ணியாம்மா? கேஸ்ல வச்சுத் தாரேன்.”

“கேஸு செவர சுட வைக்குமாடி?”

பெரியநாயகம் புருசன் பக்கம் திரும்பினாள்.

“அடுப்பு எரிஞ்சப்ப ஒழுகுச்சா?”

அந்தோணி யோசித்தார். கூண்டுச் சுவர் அப்போதெல்லாம் தொட்டால் சுடும். குளிர்காலத்தில் ஸ்வீட்டியும் மகன் ராபினும் முதுகை அதில் ஒட்டிக்கொண்டுதான் படிப்பார்கள். மேலே இருந்து விழுகிற தண்ணீர் அந்தச் சூட்டுக்குள் இறங்கும் வழியிலேயே செங்கல்லில் பட்டுச் செத்துப் போயிருக்கும். சிமெண்டும் தாரும் தகரமும் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறி ஏறி இறங்கியவருக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. கூண்டு கெட்டுப்போகவில்லை. குளிர்ந்து போயிருந்தது, அவ்வளவுதான்.

“இல்ல,” என்றார்.

“அப்ப பத்த வைங்க.”

கருவேல விறகு சாக்குக்கு அடியிலேயே ஈரம் குடித்திருந்தது. மூலையில் ஒரு மூட்டை கடலைத்தொலி காய்ந்து கிடந்தது. அவள் சேர்த்து வைத்தது. சாம்பலை வழித்துப் போட்டுவிட்டுத் தொலியை அள்ளிப் போட்டு, தென்னமட்டையை முறித்துச் செருகிப் பற்ற வைத்தார். தொலி உடனே பிடித்துக்கொண்டது. அடுப்படிச் சுவர் சிவந்தது. விறகை மேலே வைத்து ஊதினார். புகை எழும்பிக் கூண்டுக்குள் போனது. போன புகை திரும்பி வந்தது.

கூண்டின் வாயைக் கட்டியது தன் கைதான் என்பது அவருக்கு உறைக்கச் சற்று நேரமானது.

அதற்குள் புகை அடுப்படியை நிறைத்து, நிலைப்படி தாண்டி முன்னறைக்குப் போய்விட்டது. பெரியநாயகம் இருமினாள். இருமுவதற்கான பலமே அவளிடம் இல்லை. தொண்டைக்குள் ஏதோ உரசுகிற மாதிரிதான் கேட்டது. ஸ்வீட்டி கதவையும் ஜன்னலையும் அகலத் திறந்து முறத்தால் விசிறினாள்.

“யப்பா, மேல கட்டிருக்குல்ல, அவுறுப்பா.”

அந்தோணி அடுப்பை அணைக்கச் செம்பை எடுத்தார். முன்னறையிலிருந்து அவள் குரல் வந்தது.

“அணைக்காதீங்க.”

செம்பை வைத்துவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

முடிச்சு நினைத்த மாதிரியே இறுகியிருந்தது. விரல் உள்ளே போகவில்லை. அரிவாளை டியூபுக்கு அடியில் கொடுத்து அறுத்தார். ரப்பர் வழுக்கி வழுக்கி நகர்ந்தது. ஒரு சுற்று அறுந்தால் அடுத்த சுற்று பிடித்துக்கொண்டிருந்தது. பொறுமை போய் தார்ப்பாயையே குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்தார். கிழிந்த இடத்தில் புகை புடைத்துக்கொண்டு வந்து முகத்தில் அறைந்தது. கந்தலைப் பிய்த்து எறிந்தார்.

கூண்டு மூச்சு விட்டது. புகை கனமாக எழும்பித் தூறலுக்குள் சாய்ந்து போனது. கடலைத்தொலி வாசம். விடியற்காலையில் பாயில் படுத்திருக்கும்போது மூக்குக்கு வருகிற அதே வாசம். கண்ணெரிச்சலோடு அந்தச் சூட்டில் கையை நீட்டிக்கொண்டு ஒரு நிமிசம் நின்றார்.

“அம்மா,” என்று ஸ்வீட்டி கூப்பிடுவது கேட்டது. மறுபடி, “அம்மா.” கத்தவில்லை. தூங்குகிறவர்களை எழுப்புகிற குரல். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அந்தக் குரல் மாறியது.

அந்தோணிக்கு ஏணி எந்தப் பக்கம் என்று மறந்துவிட்டது.

பக்கத்து வீட்டிலிருந்து மருதாயி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்து உள்ளே நுழைவதை மேலிருந்தே பார்த்தார். அவள் அழுகை எழுந்தது. பிறகு கூண்டுக்குள் கீழே எங்கோ ‘சொய்ங்’ என்று ஒரு சத்தம். புகையோடு வெள்ளையாக ஆவி கிளம்பி அவர் முகத்தில் ஈரமாகப் பட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மருதாயி குடத்துத் தண்ணீரை அடுப்பில் ஊற்றிவிட்டாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். உயிர் போன வீட்டில் அடுப்பு எரியாது.

*

ஆவூர்க் கோயிலில் துக்கமணி அடித்தது. ஆட்கள் வந்தார்கள். வாசலில் சாமியானா கட்டினார்கள், அதுவும் ஒழுகியது. பெரியநாயகத்தைக் குளிப்பாட்டி வெள்ளைச் சேலை உடுத்தி, கையில் ஜெபமாலையைச் சுற்றி, முன்னறையில் பெஞ்சுமேல் கிடத்தினார்கள். கத்தாரில் இருக்கும் ராபினுக்கு ஸ்வீட்டி போனில் முகத்தைக் காட்டினாள். அவன் அழுவது தெரிந்தது, குரல் விட்டுவிட்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் படம் நின்றுபோய், அவன் வாய் திறந்தபடி அப்படியே இருந்தான். ஸ்வீட்டி போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பெரியநாயகத்தின் தம்பி பீட்டர் குளத்தூரிலிருந்து பைக்கில் நனைந்துகொண்டு வந்தான். அக்காள் காலில் விழுந்து அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, காரியங்களைக் கையில் எடுத்துக்கொண்டான். சவப்பெட்டிக்கு விராலிமலைக்கு ஆள் அனுப்பினான். கோயில் உபதேசியார் பெரிய கறுப்புக் குடையோடு வந்து, ஃபாதர் மதியத்துக்கு மேல் வருவார், மழையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆகாது, இன்றைக்கே அடக்கம் என்றார்.

அந்தோணியைச் சுவரோரம் உட்கார வைத்திருந்தார்கள். ஸ்வீட்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீ மேல ஏறுனதும் என்னையப் பாத்து, செவரு சூடாயிருச்சாடின்னு கேட்டுச்சுப்பா.”

அந்தோணி திரும்பினார்.

“ஆயிருச்சும்மான்னு சொன்னேன்.”

அவர் எழுந்து, உட்கார்ந்திருந்த பெண்களுக்கு இடையில் கையை நீட்டிக் கூண்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். அவர் வைப்பதை ஸ்வீட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் காலையில் இருந்த மாதிரியே சில்லென்று இருந்தது. கையை எடுத்துவிட்டு வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்.

மழை வலுத்தது.

திறந்து கிடந்த கூண்டு வழியாக அது நேராக அடுப்புக்குள் இறங்கியது. மருதாயி ஊற்றிய தண்ணீர் ஏற்கெனவே அங்கே நின்றது. கரியும் சாம்பலும் கலந்து நிரம்பி, அடுப்பின் வாயால் வழிந்து, கறுப்பாக ஒரு கோடு தரையில் ஊர்ந்தது. வீடு கட்டும்போது கொத்தனார் தரைவாட்டத்தைத் தப்பாக வைத்துவிட்டார். அடுப்படியில் எது கொட்டினாலும் முன்னறைக்குத்தான் ஓடும். கோடு நிலைப்படியைத் தாண்டியது. பெண்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். ஸ்வீட்டி பழைய சேலையைச் சுருட்டிப் போட்டாள். சேலை முடிந்த வரை குடித்துவிட்டு மறுபக்கம் விட்டது. பெஞ்சிலிருந்து தொங்கிய வெள்ளைத்துணியின் ஓரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கோடு தயங்கி நின்று, பிறகு நகர்ந்தது.

“அடுப்பப் பத்த வைக்கணும்,” என்றார் அந்தோணி.

ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மருதாயி மெதுவாகக் கேட்டாள்.

“காப்பி வேணுமாண்ணே? எங்க வீட்டுல போட்டாறேன்.”

“காப்பிக்கு இல்ல.”

“மச்சான்,” என்றான் பீட்டர். “என்ன பேசுறீங்க. அக்கா இன்னும் கெடக்கு.”

“அவதான் சொன்னா.”

உபதேசியார் குனிந்து, மூன்றாம் நாள் பூசை முடிந்ததும் அடுப்பு மூட்டிக்கொள்ளலாம், அதுவரை சொந்தக்காரர்கள் சோறு கொண்டுவருவார்கள், பசித்தால் சொல்லுங்கள் என்றார். எல்லோரும் அந்தோணியைப் பாவமாகப் பார்த்தார்கள். சூடு, செங்கல், கூண்டு என்று அவர் வாய்க்குள் சொற்கள் வந்தன. அவற்றைக் கோத்துச் சொல்ல வரவில்லை. அவள் இருந்தால் ஒரே கேள்வியில் சொல்லியிருப்பாள்.

கோடு துணியைத் தொட்டது. வெள்ளையில் கறுப்பு மெல்ல ஏறியது.

அந்தோணி எழுந்தார். வாசலில் சாத்தியிருந்த உபதேசியாரின் குடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். ஏணி அப்படியே இருந்தது. ஏறினார். தார்ப்பாய்க் கந்தல் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. கூண்டுப் பக்கத்தில் போய் நின்று குடையை விரித்து அதன் வாய்க்குமேல் பிடித்தார்.

பீட்டர் பின்னாலேயே ஏறி வந்தான். தலை மட்டும் தெரிந்தது.

“மச்சான், எறங்குங்க. பாக்குறவுக சிரிப்பாங்க.”

அந்தோணி குடையைச் சரிசெய்தார்.

“அந்த அண்டாவக் கவுத்து வச்சுட்டு வாங்க. நா எடுத்தாறேன்.”

“அது கடலை அவிக்கிற அண்டா.”

“அதான் மச்சான், இனிமே...” பீட்டர் மிச்சத்தை விழுங்கினான். “சரி, வேற சாக்கு, தகரம் எதையாச்சும் போட்டுக் கட்டுவோம்.”

“கட்ட வேணாம் மாப்ள. ஒரு தடவ கட்டுனது போதும்.”

பீட்டர் இறங்கிப் போனான். கீழே சாமியானாவுக்குள் குடித்திருந்த யாரோ, பொணத்துக்குப் பிடிக்க வேண்டிய கொடையப் பொகக்கூண்டுக்குப் பிடிக்கிறான் பாரு என்று சொல்ல, இன்னொருவர் அவனை அதட்டினார். மருதாயி காப்பி கொண்டுவந்தாள். மேலே ஏற மாட்டாமல் ஏணியின் நடுப்படியில் டம்ளரை வைத்து, அண்ணே, அண்ணே என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

குனிந்து நின்றதில் கூண்டுக்குள்ளிருந்து வீடு கேட்டது. முதலில் இன்னதென்று தெரியவில்லை. பிறகு பெண்களின் குரல்கள் பிரிந்து பிரிந்து வந்தன. ஜெபமாலையை மறுபடி தொடங்கியிருந்தார்கள். யாரோ இருமினார்கள். தரையைத் துணியால் வழித்துப் பிழிகிற சத்தம். கொஞ்சம் கழித்து ஸ்வீட்டியின் குரல், பக்கத்தில் நிற்கிற மாதிரி அவ்வளவு தெளிவாக:

“நின்னுருச்சு.”

கை கடுத்தது. மாற்றிக்கொண்டார். காற்று குடையைப் பறிக்கப் பார்த்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தலையிலிருந்து வழிந்த தண்ணீர் வாய்க்குள் போனது. விராலிமலைப் பக்கம் வானம் அடைத்துக்கொண்டு கிடந்தது. அக்கம்பக்கத்துக் கூரைகளில் மதியச் சமையல் புகை தாழ்வாகப் படர்ந்திருந்தது.

வேன் வந்தது. பெட்டியை இறக்கினார்கள். ஃபாதர் நனைந்த அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். கூண்டுக்குள் அவருடைய மந்திரம் எழும்பியது, பாட்டு எழும்பியது, அழுகை ஓங்கியது. பீட்டர் வாசலுக்கு வந்து மேலே பார்த்தான்.

“மச்சான், பெட்டிய மூடப் போறாங்க. கடைசியா மொகத்தப் பாத்துட்டுப் போங்க.”

அந்தோணி குடையைப் பார்த்தார். கூண்டின் வாயைப் பார்த்தார். இறங்கி, பார்த்து, ஏறி வருவதற்குள் எவ்வளவு தண்ணீர் உள்ளே போகும்?

“பாத்துட்டேன்,” என்றார். “மூடுங்க.”

திருகாணிகளை முறுக்குவது மேலே கேட்டது. ஒவ்வொன்றாக. பிறகு நாலைந்து ஆம்பளைகளின் முக்கல். கால்கள் இடறுகிற சத்தம். கூண்டுக்குள் இருந்த வீடு காலியாகிக்கொண்டே வந்து வாசல் பக்கம் போனது.

பெட்டி வெளியே வந்தது. மேலிருந்து பார்க்க மூடி மட்டும்தான் தெரிந்தது. அதன்மேல் பிளாஸ்டிக் தாள் போட்டிருந்தார்கள். தாள்மேல் மழை படபடவென்று விழுந்தது. உபதேசியார் குடைக்குத் தேடிவிட்டு, நினைவு வந்து, கையால் தலையை மூடிக்கொண்டார். ஸ்வீட்டி பெட்டியைப் பிடித்தபடி நடந்தவள், வேலி திரும்பும் இடத்தில் நின்று மேலே பார்த்தாள். பீட்டர் அவள் தோளைத் தொட, திரும்பி நடந்தாள்.

கூட்டம் தெருமுனையைத் தாண்டும் வரை அந்தோணி அப்படியே நின்றார். கூண்டுக்குள் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒன்றும் இல்லை.

குடையை மடக்கினார்.

மழை கூண்டுக்குள் நேராக இறங்கியது. கீழே ஈரச் சாம்பலில் அது விழுகிற சத்தம் மேலே வரை வந்தது. அவர் ஏணியில் கால் வைத்தார். நடுப்படியில் மருதாயி வைத்த டம்ளர் இருந்தது. காப்பி போய் வெறும் தண்ணீராக நிரம்பி, விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது. தட்டிவிடாமல் அதைத் தாண்டிக் காலை வைத்து, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி, அவர்களுக்குப் பின்னால் நடந்தார்.